மைக்கேல் ஜாக்சனுக்கு ஒரு மாமாக் கடை இல்லை

கிள்ளானிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: “என் மகனுக்கு 19 வயது. சொந்தமாகப் பாட்டு எழுதி, கம்ப்யூட்டரிலேயே இசை போடுகிறான். வீட்டில் அவனை இரண்டு வார்த்தை பேச வைப்பது பெரும்பாடு. மேடை ஏறினால் யார் வீட்டுப் பிள்ளையோ என்பது போல ஆடிப் பாடுகிறான். ஏன் இப்படி என்று கேட்டால், ‘மைக்கேல் ஜாக்சனும் இப்படித்தான்’ என்கிறான். மேதைகளின் குணமே இதுதானா, இல்லை மனசில் ஏதாவது கோளாறா?”

சகோதரி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு 1996 அக்டோபர் 27 ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. எனக்கும் அப்போது உங்கள் மகன் வயதுதான். ரவாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்துக் கோலாலம்பூர் புடுராயாவில் இறங்கி, மெர்டேக்கா அரங்கத்துக்கு நடந்தே போனேன். 1957இல் மலாயாவின் சுதந்திரத்தை அறிவித்த அதே அரங்கம். அன்றைக்கு அங்கே மைக்கேல் ஜாக்சன் பாடினார். 29ஆம் தேதி இன்னொரு நிகழ்ச்சி செய்துவிட்டு மும்பைக்குப் போய்விட்டார்.

எத்தனையோ பாட்டு, வெடி, புகை. எனக்கு மனசில் நின்றது ஒரே ஒரு காட்சி. விளக்கெல்லாம் அணைந்தது. ஓர் ஆள் சின்னப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு தனியாக நடந்து வந்தார், வேலை தேடி வெளியூர் வந்து இறங்கியவர் மாதிரி. பெட்டியை வைத்துத் திறந்தார். உள்ளே மினுமினுக்கும் கறுப்புச் சட்டை. அதை எடுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் ஒற்றைக் கையுறை. கடைசியாகத் தொப்பி. தொப்பியைத் தலையில் வைத்து நிமிர்ந்த நொடியில், பெட்டியோடு வந்தவர் காணாமல் போய் வேறொருவர் அங்கே நின்றார். பக்கத்திலிருந்த சீனப் பெண் அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கும் தொண்டை அடைத்தது. ஏன் என்று அன்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு 25 வருடங்களுக்கு மேலாகக் கோலாலம்பூரில் மேடை நிகழ்ச்சிகளுக்குச் சவுண்ட் பார்க்கிறேன். கோயில் திருவிழா, கல்யாணம், பிரிக்பீல்ட்ஸ் மண்டபங்கள், பெரிய அரங்கங்கள் எல்லாம் பார்த்தாயிற்று. பாடகரைக் கூட்டம் முன்னாலிருந்து பார்க்கிறது. நான் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் பார்க்கிறவன். அந்தப் பெட்டி திறக்கிற நொடியைப் பலரிடம் கண்டிருக்கிறேன். சவுண்ட் செக்கில் “மைக் போதுமா தம்பி?” என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிற பையன், இரவு எட்டரைக்கு ஆயிரம் பேரைக் கைக்குள் வைத்திருப்பான். அதனால் உங்கள் முதல் கேள்விக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் மௌனம், மேடையில் நெருப்பு என்பது நோய் அடையாளம் இல்லை. உங்கள் மகன் தன்னை ஒப்பிட்டதில் பாதி சரி. மீதிப் பாதி அவனுக்குத் தெரியாது. கவனிக்க வேண்டியது அதைத்தான்.

சரியான பாதியை முதலில் பார்ப்போம்.

இசைக்கலைஞர்களின் குணத்தைப் பல வருடங்கள் ஆராய்ந்தவர் ஆண்டனி கெம்ப் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர். அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். இசைக்காரர்கள் பெரும்பாலும் உள்முகமானவர்கள், ஆனால் அது துணிச்சலான உள்முகம் என்றார். பயந்து ஒதுங்குவது வேறு. உள்ளே ஓர் உலகம் ஓடிக்கொண்டிருப்பதால் வெளியே பேச்சுக் குறைவது வேறு. இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும். அப்புறம், ஆளுமையை ஐந்து குணங்களாகப் பிரித்து அளக்கிற முறை உளவியலில் இன்று பரவலாக இருக்கிறது. புதியதை நாடுவது, ஒழுங்கு, வெளிநோக்கு, இணக்கம், மனக்கலக்கம் என்பவை அந்த ஐந்து. புதியதை நாடும் குணத்தில் இசைத்துறையினர் மற்றவர்களைவிட மேலே நிற்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ராக் இசைக்கலைஞர்கள் பற்றி 2000ஆம் ஆண்டில் வந்த ஓர் ஆய்வில் மனக்கலக்கமும் கூடுதலாகவே இருந்தது.

இதை நான் என் கண்ணால் பார்த்த வகையில் சொல்கிறேன். ஸ்பீக்கரில் வருகிற மிகச்சிறிய இரைச்சல்கூட இவர்களுக்குக் கேட்டுவிடும். அதே காதில்தான், “போன தடவை இன்னும் நல்லா இருந்தது” என்று மண்டபக் கதவோரம் யாரோ சொன்னதும் விழுகிறது. இசைக்கு ஒரு காது, வசவுக்கு ஒரு காது என்று பிரித்து வைத்துக்கொள்ள முடிவதில்லை. தொட்டாற்சிணுங்கிச் செடி காற்றையும் விரலையும் ஒரே மாதிரிதான் உணரும். அந்த மென்மை இல்லாவிட்டால் பாட்டும் வராது.

மைக்கேல் ஜாக்சன் இதற்கு நல்ல சாட்சி. அவருடைய தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ் சொன்ன கதை இது. தனியாக அவர் முன்னால் பாடிக் காட்டச் சொன்னால் மைக்கேலுக்குக் கூச்சம் தாங்காது. சோபாவுக்குப் பின்னால் போய், முதுகைக் காட்டிக்கொண்டு பாடுவார். விளக்கை அணைத்துவிட்டு, குவின்சியும் கண்ணைக் கையால் பொத்திக்கொள்வாராம். ஆறு வயதுக்கு முன்பே மேடை ஏறியவர் இவர்! ஆயிரக்கணக்கானோர் முன்னால் வராத கூச்சம் ஒரே ஆளுக்கு முன்னால் வருகிறது. கூட்டத்துக்கு முகம் கிடையாது; எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு முகம் உண்டு, கண் உண்டு, கருத்து உண்டு. உங்கள் மகனுக்குச் சாப்பாட்டு மேசையில் பேச்சு வராததற்கும் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும். அம்மாவின் முகம்தான் அவனுக்கு எல்லா முகங்களையும்விடப் பெரியது.

என் தொழில்காரர் ஒருவர் சொன்னதையும் சேர்க்கிறேன். மைக்கேலின் பெரும் தொகுப்புகளுக்கு ஒலிப்பதிவு செய்தவர் புரூஸ் சுவீடியன். மைக்கேல் இருட்டில்தான் பாடுவார், வரிகளை முதல் நாள் இரவே மனப்பாடம் செய்துவிட்டு வருவார், கையில் தாளே இருக்காது என்று அவர் சொல்லியிருக்கிறார். பாடும்போது கால் தாளம் போடும், விரல் சொடுக்கும், உடம்பு ஆடும். எந்த ஒலிப்பதிவுக்காரரும் அந்தச் சத்தத்தைத் துடைத்துத்தான் பழக்கம். சுவீடியன் துடைக்கவில்லை. மரப்பலகை மேடை போட்டு அதன்மேல் நிற்க வைத்து, அந்தச் சத்தங்களையும் பாட்டோடு சேர்த்தே பதிந்தார். பாடுகிறவனின் குணத்தைப் புரிந்துகொண்ட ஒருவர் அருகில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை. ஹெட்போனில் அந்தப் பாட்டுகளைக் கேட்கும்போது அந்தச் சின்னச் சத்தங்களைத் தேடிப் பாருங்கள், கிடைக்கும்.

மைக்கேலுக்கு இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. மனசில் கேட்கிற ஒவ்வொன்றையும், பேஸ் கிட்டார், டிரம்ஸ், வயலின் கூட்டம் என எல்லாவற்றையும், வாயாலேயே பாடி டேப்பில் பதிந்து கொடுப்பார். வாசிப்பவர்கள் அதை அப்படியே கொண்டுவரவேண்டும். தலைக்குள் பாட்டு முழுசாக முடிந்துவிட்டது. வெளியே இருப்பதெல்லாம் அதைப் பிடிக்கிற முயற்சி. அதனால்தான் திருப்தி வருவதேயில்லை. ‘பில்லி ஜீன்’ பாட்டை 91 தடவை மிக்ஸ் செய்தார்கள், அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலந்தார்கள். கடைசியில் வெளிவந்தது எது தெரியுமா? இரண்டாவது மிக்ஸ். பக்கத்தில் குவின்சி இருந்ததால் 91இல் நின்றது.

1983 மார்ச் 25இல் அதே பாட்டுக்கு முதன்முறையாக மூன்வாக் ஆடினார், முன்னால் நடப்பதுபோலக் காட்டிப் பின்னால் வழுக்கிப் போகிற ஆட்டம். மே மாதம் டிவியில் வந்ததும் அமெரிக்கா முழுக்க அதே பேச்சு. மறுநாள் நடன மேதை பிரெட் அஸ்டேரே போன் செய்து பாராட்டினார். ஆனால் ஆடி முடித்து இறங்கிய இரவில் மைக்கேலுக்கு ஏமாற்றம்தான். சுற்றி வந்து கால்விரல் நுனியில் நினைத்த நேரம் நிற்க முடியவில்லையே என்று. மேடைக்குப் பின்னால் ஒரு சின்னப் பையன் வந்து, “இப்படி ஆட யார் கற்றுக்கொடுத்தார்கள்?” என்று ஆச்சரியமாகக் கேட்ட பிறகுதான் மனசு கொஞ்சம் லேசானது என்று அவரே எழுதியிருக்கிறார். இதைப் பலர் தலைக்கனம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரை இது பயம். தப்பு செய்தால் என்ன நடக்கும் என்று உடம்பில் எழுதி வைத்த பயம்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதில் ஒளிவுமறைவு இல்லை. இந்தியானா மாநிலத்தில் கேரி என்ற இரும்பாலை ஊர். அப்பா ஆலையில் கிரேன் ஓட்டியவர். சின்ன வீட்டில் ஒன்பது பிள்ளைகள். ஒத்திகையில் அப்பா பெல்ட்டோடு உட்கார்ந்திருப்பார், கால் தப்பினால் அடி விழும் என்று மைக்கேல் பின்னாளில் சொன்னார். 11 வயதில் அமெரிக்காவின் முதலிடப் பாட்டைப் பாடியாகிவிட்டது. ரெக்கார்டிங் ஸ்டூடியோவுக்கு எதிரே ஒரு பூங்கா. பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்கும். இவர் அதைப் பார்த்து அழுதுவிட்டு உள்ளே பாடப் போவார். 1993 பிப்ரவரியில் டிவி பேட்டியாளர் ஓப்ரா வின்ஃப்ரேயிடம் இந்தத் தனிமையைப் பற்றி மனம்விட்டுப் பேசினார்.

இங்கே இரண்டு விஷயம் சொல்லிவிட்டுத்தான் மேலே போகவேண்டும்.

ஒன்று, பிள்ளைப்பருவம் கிடைக்காதவர் என்ற விளக்கத்தை வைத்து எல்லாவற்றையும் மூடக்கூடாது. சிறுவர்களிடம் தவறாக நடந்தார் என்று 1993இல் குற்றச்சாட்டு வந்தது. 2005இல் இன்னொரு வழக்கில் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுதலையானார். இறந்த பிறகும் வளர்ந்த ஆண்கள் இருவர் அவர்மேல் குற்றம் சொன்னார்கள். ஒருவருடைய துயரத்தைப் புரிந்துகொள்வது அந்தக் கேள்விகளுக்குப் பதிலாகிவிடாது. உங்கள் மகன் அவரை முன்மாதிரி என்று சொல்கிறான் என்பதால் இதையும் அவனோடு பேசுங்கள்.

இன்னொன்று, அடிபட்டதால்தான் மேதை ஆனார் என்று நம் ஆட்கள் சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. அதை நம்பாதீர்கள். ஏ. ஆர். ரஹ்மானை எடுத்துக்கொள்ளுங்கள். அதே உள்முகம், அதே கூச்சம், இரவு முழுக்க வேலை. ஒன்பது வயதில் அப்பாவை இழந்தவர். 25 வயது வரைக்கும் தற்கொலை எண்ணம் வந்துபோனது என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் சென்னையில் தன் வீட்டோடு ஸ்டூடியோ கட்டிக்கொண்டார், 2020 வரை அம்மா இருந்தார், தொழுகை இருந்தது. 1992இல் ‘ரோஜா’ வந்தபோது இந்தியாவே கொண்டாடியது. அவர் வேலை முடிந்ததும் போய்ச் சேர்ந்த இடம் அதே வீடு. குணம் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதைச் சுற்றி இருந்த ஆட்கள்தான் வேறு.

இனி அந்த மீதிப் பாதிக்கு வருகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

நிகழ்ச்சி முடிந்த பிறகு ஒரு பாடகனின் உடம்பில் என்ன நடக்கிறது என்று யாரும் பேசுவதில்லை. இரண்டு மணி நேரம் இதயம் ஓடியிருக்கிறது. அட்ரினலின் இரத்தம் முழுக்க ஏறியிருக்கிறது. காதில் ‘ங்ஙீ’ என்று ரீங்காரம். பதினொன்றரைக்கு விளக்கு அணைந்தாலும் உடம்புக்கு அது தெரியாது. பல மணி நேரம் விழித்துக்கொண்டே இருக்கும். மேலே ஏறுவதற்கு ஆயிரம் பேர் கைதட்டி உதவினார்கள். கீழே இறங்குவதற்கு யாருமில்லை.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு வழி தானாகவே அமைந்திருக்கிறது: மாமாக் கடை, இரவு வெகுநேரம் திறந்திருக்கும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு, நள்ளிரவு ஒரு மணிக்கு எல்லோரும் போய் உட்காருவோம். போன வருடம் ஓர் இளம் பாடகன், பெயர் வேண்டாம், அன்றைக்கு அரங்கத்தையே அதிர வைத்தவன், என் எதிரில் இருந்தான். தே தாரேக் டம்ளரைப் பிடித்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. முதல் அரைமணி நேரம் ஒரு வார்த்தை இல்லை. ரொட்டி சானாயைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் வைத்தான், சாப்பிடவில்லை. டிரம்ஸ் வாசிக்கிற பையன், “மூணாவது பாட்டுல நீ லேட்டா வந்தடா” என்றான். “நீதான்டா வேகமா அடிச்ச” என்றான் இவன். அதுதான் முதல் வார்த்தை. அப்புறம் சண்டை, சிரிப்பு. கடைக்காரர் வந்து, “தம்பி, நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க, வழி விடுங்க” என்றார். அவருக்கு இவன் யாரென்றே தெரியாது. அந்த ஒரு வார்த்தையில் அவன் தோள் இறங்கியதைப் பார்த்தேன். இரண்டே முக்காலுக்குத் தட்டில் ஒன்றும் மீதமில்லை. ஆளுக்கு எட்டு வெள்ளி போட்டுக் கணக்கு முடித்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மைக்கேல் ஜாக்சனுக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. அவ்வளவு புகழில் எந்தக் கடையிலும் போய் உட்கார முடியாது. “நீ லேட்டா வந்த” என்று சொல்ல அண்ணன்மார் பக்கத்தில் இல்லை. அவர்களோடு சேர்ந்து பாடிய குழுவிலிருந்து அவர் எப்போதோ பிரிந்துவிட்டார். நிகழ்ச்சி முடிந்தால் ஹோட்டல் அறை. 1984இல் விளம்பரப் படப்பிடிப்பில் தலைமுடி தீப்பிடித்துக் காயம் பட்டதிலிருந்து வலி மருந்துகள் பழக்கமாகின. 1993 நவம்பரில் அந்த மருந்துக்கு அடிமையாகிவிட்டேன் என்று தானே அறிவித்து, உலகப் பயணத்தைப் பாதியில் நிறுத்தினார். நான் மெர்டேக்காவில் பார்த்தது அதற்கு அடுத்த பயணம். அந்தப் பயணத்திலேயே, 1997இல் மியூனிக் நகரில், தூக்கத்துக்காக மருத்துவர்கள் அவருக்கு அறுவை சிகிச்சை மயக்க மருந்தை ஏற்றினார்கள் என்று அவருடைய முன்னாள் மனைவி பிறகு நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 2009 ஜூன் 25இல், லண்டனில் நடக்கவிருந்த 50 நிகழ்ச்சிகளுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது, அதே மருந்தில் உயிர் போனது. வயது 50. மருந்து கொடுத்த மருத்துவர் 2011இல் தண்டிக்கப்பட்டார். ஊர் உலகம் தூங்கும் நேரத்தில் தூங்க முடியாமல் செத்துப்போன மனிதர் அவர். அதை நினைக்கும்போதெல்லாம் அந்தப் பெட்டிதான் எனக்கு ஞாபகம் வருகிறது. சட்டையை, கையுறையை, தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டதைப் பார்த்தோம். கழற்றி உள்ளே வைத்துப் பெட்டியை மூடுவதை யாரும் பார்க்கவில்லை.

இது என் உணர்ச்சி மட்டும் இல்லை. பிரிட்டனில் மார்க் பெல்லிஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2007இல் ராக், பாப் நட்சத்திரங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் வாழ்க்கையைக் கணக்கெடுத்தார்கள். புகழ் வந்த மூன்றாம் வருடத்திலிருந்து 25ஆம் வருடம் வரை இவர்களின் இறப்பு விகிதம் அதே வயது, அதே நாட்டுச் சாதாரண மக்களைப்போல 1.7 மடங்கு. 2012இல் அதே குழு கூடுதல் பேரை எடுத்துப் பார்த்தபோது வந்த முடிவுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. தனியாகப் பாடுபவர்களின் இறப்பு விகிதம் குழுவோடு இருப்பவர்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சிறுவயதில் கொடுமை அனுபவித்தவர்கள் போதை, மருந்து வழியில் சாவதும் அதிகம். 27 வயதில் மேதைகள் செத்துவிடுவார்கள் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள் இல்லையா, அதையும் 2011இல் வேறு ஆய்வாளர்கள் 1046 இசைக்கலைஞர்களை வைத்துச் சோதித்தார்கள். 27க்கு எந்தத் தனி ஆபத்தும் இல்லை. இருபதுகளும் முப்பதுகளும் முழுவதுமே கவனம் தேவைப்படுகிற காலம், அவ்வளவுதான்.

குழு என்றதும் நம் நாட்டில் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பினாங்கு ‘அலிகேட்ஸ்’. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற நம் தமிழ் அண்ணன் தம்பிகள், தலை முழுக்கச் சுருள்முடியோடு மலாய்ப் பாட்டுப் பாடி நாட்டையே கட்டிப்போட்டவர்கள். 1960களின் கடைசியில் தொடங்கிய குழு. 2007இல் லோகநாதன் இறக்கும்வரை இருவரும் ஒரே மேடையில் நின்றார்கள். புகழ் வந்தது, போனது, மறுபடி வந்தது. அத்தனை வருடமும் “நீ லேட்டா வந்த” என்று சொல்லக்கூடிய ஒருவர் பக்கத்தில் இருந்தார்.

உங்கள் மகன் கம்ப்யூட்டரில் தனியாக இசை போடுகிறான் என்றீர்கள். எனக்குக் கொஞ்சம் கவலை தந்தது அந்த வரிதான், அவன் மௌனம் இல்லை. இன்றைக்கு ஓர் அறைக்குள் இருந்தே டிரம்ஸ், பேஸ், கீபோர்டு எல்லாம் ஒருவனே முடித்துவிடலாம். இசைக்கு அது வசதிதான். ஆனால் சண்டை போட ஆளில்லை. 91ஆவது மிக்ஸில் போதும் என்று சொல்ல ஆளில்லை. வாரத்தில் ஒருநாளாவது வேறு பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்கட்டும். சத்தம் தாங்கவில்லை என்றாலும் உங்கள் வீட்டு வாசல் கூடத்தில் ஒத்திகை பார்க்க விடுங்கள்.

எதைப் பார்த்தால் பயப்படவேண்டும் என்பதையும் சொல்கிறேன். பேச்சு குறைவது பரவாயில்லை. தூக்கம் வாரக்கணக்கில் கெட்டுப்போனால், சாப்பாடு நின்றால், தூங்க மாத்திரை தேடினால், உயிராக இருந்த கிட்டாரையோ கீபோர்டையோ யாருக்காவது தூக்கிக் கொடுத்தால், முக்கியமாக, பாட்டே பிடிக்கவில்லை என்று சொன்னால், காத்திருக்காதீர்கள். பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்கக் கிளினிக்கில், சொன்னால் அரசாங்க மருத்துவமனை மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். மனம் நொந்தவர்களுக்குக் காதுகொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பினர் இரவு பகல் எந்நேரமும் போனில் பேசுகிறார்கள். நீங்களும் பேசலாம், அவனும் பேசலாம். கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டுவதானாலும் கட்டுங்கள், ஆனால் மருத்துவரையும் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. அவன் நிகழ்ச்சி முடித்து இரவு மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தால், ஏன் இவ்வளவு நேரம் என்று வாசலிலேயே கேட்காதீர்கள். நிகழ்ச்சி எப்படி இருந்தது என்றுகூட வேண்டாம், அதை மறுநாள் மதியம் கேட்கலாம். சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள். விளக்கைக் குறைத்து வையுங்கள். அவன் ஹாலில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால், நீங்களும் ஏதாவது துணி மடித்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். பேச்சு வந்தால் வரட்டும்.

உங்களிடம் நான் ஒன்று கேட்கவேண்டும். அவனோடு மேடையில் வாசிக்கிற பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா, அவர்களை உங்களுக்குத் தெரியுமா? ஒருநாள் இரவு எல்லோரையும் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் பாருங்கள். என்ன நடந்தது என்று எழுதுங்கள், மேலே பேசுவோம்.